கிள்ளானுக்குத் தூக்காத கை

மார்ச் 9, திங்கள்
விடியலிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சேறு. அமைச்சிலிருந்து கடிதம்: வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்க்கும் சங்கங்களுக்கு மானியம் இனி ஒரு நகராண்மைக் கழக எல்லைக்கு மட்டும். எங்கள் சங்கம் பார்ப்பது இரண்டு, பெட்டாலிங் ஜெயா (பி.ஜே.), கிள்ளான். வெள்ளிக்குள் ஒன்றைத் தேர்ந்து எழுத வேண்டுமாம். இதை எழுதியவன் ஒரு நோயாளியையாவது புரட்டிப் படுக்க வைத்திருப்பானா?
வாங்க: நீல மை, கொசுவர்த்தி.

மார்ச் 11, புதன்
செயற்குழு. ஏழு பேர், தலைவர் தனி. கடிதமெல்லாம் எழுதுவது செயலாளர் நான், மாலை அவருக்கு. பி.ஜே.யில் வீட்டு எண் உண்டு, டெலிபோன் உண்டு, நர்ஸ் காரை நிறுத்த இடம் உண்டு என்றார். தம் தாயார் அங்கே இருப்பதைச் சொல்லவில்லை. பி.ஜே.க்காரர்களுக்குக் கார் வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு என்பதையும்.
கிள்ளானுக்காகக் குழுவில் கணேசன் பேசினான். ரப்பர் தோட்டத்தை விற்றபின் பழைய கூலி லைன் வீடுகளில் கிடக்கும் கிழங்கள், கிளினிக்குக்கு பஸ் இல்லை. அத்தனையும் உண்மை.
கை தூக்கினார்கள். மூன்றுக்கு மூன்று. நான் தூக்கவில்லை. சமமானால் தலைவர் வாக்கு. பி.ஜே.
போன தேர்தலில் நான் தலைவர் பதவிக்கு நின்றபோது "இவருக்குத் தலைவர் பதவி குடுத்தா சங்கம் தாங்காதுலா" என்று வீடு வீடாகச் சொன்னவன் கணேசன். மறப்பேனா?

மார்ச் 13, வெள்ளி
கடிதம் போயாயிற்று. கிள்ளானில் விஷயத்தைச் சொல்வதும் என் தலையில். நர்ஸ் ரோசம்மாவோடு போனேன். அஞ்சலை, பக்கவாதம், இரண்டு வருஷமாகப் படுக்கை. வாரம் இரு முறை கட்டு மாற்றியதில் முதுகுப் புண் ஆறிக்கொண்டு வருகிறது. நிறுத்தினால்?
மகள் தேநீர் கொடுத்தாள். சொன்னேன்.
"அப்ப எங்க பேரு எதுலயும் இல்லையா, அங்கிள்?"
மேலிடத்து முடிவு என்றேன். பச்சைப் பொய்.
திரும்பும்போது ரோசம்மா, ஞாயிறு தனக்கு லீவு, சங்கம் அனுப்பாவிட்டாலும் தானாகவே வரப்போவதாகச் சொன்னாள். "மகளுக்கு அன்னைக்கும் பேக்டரி. புரட்டிப் பிடிக்க ரெண்டு ஆள் வேணும், சார்."

மார்ச் 15, ஞாயிறு
கிள்ளான் பஸ் தாமதம். போனால் கணேசன், சட்டைக் கையை மடித்தபடி. ரோசம்மா அவனையும் கூப்பிட்டிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல்.
அவன் அஞ்சலையின் தோளைப் பிடித்தான், நான் இடுப்பை. புண்ணின் வாடை. நான் அவசரமாகப் புரட்டினேன். "மெதுவா" என்றான். எனக்குச் சொல்ல இவன் யார்?
கிளம்பும்போது அஞ்சலை விளங்குகிற ஒரு கையைத் தூக்கி எனக்குக் கும்பிடு போட்டாள். எனக்கு.
அடுத்த ஞாயிறு ஏழு மணி பஸ். கணேசனை மன்னிக்கவில்லை.