முப்பத்தொன்பது நிமிடம் ஓடிய படம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அத்தை இருக்கும் முதியோர் இல்லத்தின் மேனேஜர் அறையில் இருந்தவர்கள் இவர்கள்: மேனேஜரம்மா, இன்சூரன்ஸ் கம்பெனி ஆய்வாளர், காலை முறை ஆயா, கையில் மாவுக்கட்டோடு சக்கர நாற்காலியில் உன் அத்தை, அப்பா, நான். ஆறு பேர். நீ இல்லை, ஆனால் மேஜைமேல் உன் கையெழுத்து இருந்தது. அறைக்கு அறை கேமரா வைக்கச் சம்மதமா என்று போன வருஷம் அனுப்பிய தாளில் நீ போனிலேயே விரலால் கீறி அனுப்பினாயே, அதுதான். பணம் கட்டுகிறவள் நீ, கையெழுத்து உரிமையும் உன்னுடையது, சரி. அந்த அறையில் உடை மாற்றுகிறவரை ஒரு வார்த்தை கேட்டாயா, என்னையாவது கேட்டாயா? கேமரா இருந்தால் அவர்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் குறையும், நமக்கும் நல்லதுதானேம்மா என்று பிறகு சொன்னாய். குறைந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக மேனேஜரம்மா பெருமையாகவே சொன்னார். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், நாம் கட்டுவதில் ஒரு காசு குறையவில்லை. ஆயாக்கள்தான் குறைந்தார்கள், மாடிக்கு நாலு பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர். கேட்டால், அதான் கேமரா இருக்கேம்மா, எதுக்கு அத்தனை ஆளு என்கிறார். அந்தக் கேமராவின் திரை எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். அலுவலகத்தின் பின்னறையில் இருக்கிறது, அதற்கு முன்னால் உள்ள நாற்காலியில் சலவைக்குப் போகவேண்டிய போர்வைகள் குவிந்திருக்கின்றன. ஆள் உட்கார்ந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

அத்தை உடை மாற்றும்போதெல்லாம் ஈரத்துண்டை வீசி அலமாரிமேல் இருக்கும் கேமராவை மூடிவிடுவார். மூடியிருக்கும் நேரத்தைக் கம்பெனி கணக்கெடுக்கிறதாம், ஓர் அறையில் அளவு மீறினால் மொத்தக் கட்டடத்துக்கும் சலுகை போய்விடுமாம். இரண்டு முறை எச்சரித்தார்கள், அவர் கேட்கவில்லை. நாலாம் தேதி காலையில் துண்டு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய எட்டும்போது கால் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்து இடுப்பிலும் அடி.

ஆய்வாளர் கணினியை எங்கள் பக்கம் திருப்பி அந்தப் படத்தை ஓடவிட்டார். அத்தை எட்டுகிறார், சாய்கிறார், துண்டோடு விழுகிறார். அங்கேயே நிறுத்திவிட்டு, பாத்தீங்கல்ல, அவங்களா விழுந்ததுதான், வைத்தியச் செலவுக்கு நாங்க பொறுப்பில்லம்மா என்றார். அப்பா வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தாதீங்க, ஓடட்டும் என்றேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லம்மா என்றார். அந்த ஒண்ணுமில்லாததப் பாக்கத்தான் தம்பி வந்தேன் என்றேன். வேகமாக ஓட்டப் பார்த்தார், அதற்கும் விடவில்லை. படத்தின் மூலையில் ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். தரையில் கிடக்கிறவர் முதலில் செய்தது என்ன தெரியுமா, நல்ல கையால் நைட்டியை இழுத்து முழங்காலை மூடினார். கேமராவைப் பார்த்துக்கொண்டே மூடினார். அப்புறம் அதே கையைத் தூக்கி ஆட்டினார். அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்று நம்பி ஆட்டினார். ஓய்ந்து, மறுபடி ஆட்டினார். ஆறு மணி ஐம்பத்தொரு நிமிடத்துக்கு ஆயா ஓடி வருகிறாள். முப்பத்தொன்பது நிமிடமும் பார்த்தோம், ஆயா அழுதாள், எதிர்ப்பக்கம் பதினெட்டுப் பேரைத் தனியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் அவள், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. முடிந்ததும் அத்தைதான் பேசினார். நான் வேல பாத்த டெலிபோன் ஆபீஸ்ல மூணு தடவைக்கு மேல மணி அடிக்க விட்டா சம்பளத்துல பிடிப்பாங்க தம்பி, உங்க ஆபீஸ்ல எப்படி என்றார். ஆய்வாளர் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விடாமல், நான் துணி மாத்துறதப் பாத்தாத்தான் உங்களுக்குக் காசு மிச்சம்னா டிக்கெட் போட்டுடுங்க, இன்னும் மிச்சமாகும் என்றார். முப்பது வருஷமாக உன் அத்தைக்கும் எனக்கும் ஒத்துப்போனதில்லை என்பது உனக்குத் தெரியும், அன்றைக்கு எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் படம் இல்லாவிட்டால், விழுந்த உடனே தூக்கிவிட்டோம் என்று சாதித்திருப்பார்கள். அதனால் கேமராவை நான் திட்டவில்லை. காட்டிய பாதியோடு அணைக்கப் பார்த்தவர்களைத் திட்டுகிறேன், படிக்காமல் கையெழுத்துப் போடுகிற உன்னையும் திட்டுகிறேன். இந்த வாரமெல்லாம் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் வாயில் துதிக்குப் பதில் வசவுதான் வருகிறது, கடவுள் பொறுத்துக்கொள்ளட்டும். அத்தையோ, அவளத் திட்டாத, நாலு வேலைக்கு நடுவுல போட்டிருப்பா என்கிறார். அந்த நல்ல மனசு எனக்கு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இல்லத்துக்காரர்கள் உனக்கு இன்னொரு தாள் அனுப்புவார்கள், அனுப்பியிருக்கலாம். விழுந்தது அவர் தவறு, இனிக் கேமராவை மூடமாட்டார் என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் அத்தை அங்கே இருக்கலாம், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யவேண்டும். விரலை அதில் வைக்காதே. இங்கே முன்னறையைக் காலி செய்து அத்தைக்குக் கட்டில் போட்டாகிவிட்டது, அப்பாவின் புத்தகங்கள் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டன, அவரே தூக்கி வைத்தார். படத்தை முப்பது நாளில் தானாக அழித்துவிடுவார்களாம், பதினொரு நாள்தான் பாக்கி. என்னிடம் தரமாட்டார்கள், கையெழுத்துக்காரி கேட்டால்தான் தருவார்களாம். முழுப் படமும் வேண்டும், முப்பத்தொன்பது நிமிடமும் வெட்டாமல் வேண்டும் என்று உன் பெயரில் எழுதிக் கேள்.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையின் முதுகுவலியை அலட்சியம் செய்யவேண்டாம் என்று சொல். கடவுள் உங்கள் மூவரையும் பக்கத்தில் இருந்து காக்கட்டும். கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு.

கோபத்தோடும் ஆசியோடும்,
உன் அம்மா