முப்பத்தொன்பதாவது படம்

பிளஃப்,
மார்ச் 14

அன்பு மகள் ரொவீனாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். குளிர்ந்த தென்காற்று அடிக்கும்போதெல்லாம் முழங்கால் வலி மட்டும் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளை தேவிதாவும் சௌக்கியமா? குட்டி நோலீனுக்குப் பல் முளைத்துவிட்டதா?

இங்கே சிப்பி பிடிக்கும் பருவம் தொடங்கிவிட்டது. முதல் நாள் படகுகள் கிளம்புவதைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போனேன். "என்ன டெஸ், கேமராவைக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். காரணத்தை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது நான் எடுத்த படங்களைப் போனில் மூன்று முறை கேட்டாய். கழுவும் மருந்து இன்னும் வரவில்லை என்றேன். பொய். நீங்கள் கிளம்பிய மறுவாரமே துணி துவைக்கும் அறையில் பிலிமைக் கழுவிவிட்டேன். அதில் ஒன்றுமே இல்லை, ரொவீனா. ஓரத்து எண்கள் பளிச்சென்று இருக்கின்றன, நடுவில் வெறும் ஜன்னல் கண்ணாடி. அம்மாவின் நாற்காலியில் அவள் பெயர் வைத்த குழந்தையை உட்கார வைத்தோமே, கல்லறைக்குப் பக்கத்தில் நீ அவளைத் தூக்கிப் பிடித்தாயே, எதுவும் விழவில்லை.

பிலிமின் நுனி உருளையில் மாட்டவே இல்லை. பிலிம் நகராமல் எண்காட்டி மட்டும் ஓடியிருக்கிறது. முப்பத்தாறு படச் சுருளில் முப்பத்தொன்பது வந்ததும், "பாத்தியா, கம்பெனிக்காரனையே ஏமாத்திட்டேன்!" என்று உன்னிடம் குதித்தேன். அம்மா இருந்திருந்தால் முப்பத்தேழிலேயே அவள் முகம் மாறியிருக்கும்.

அவள் போய் இரண்டு குளிர்காலம் ஆயிற்று. அதன் பிறகு நான் போட்ட முதல் சுருள் இது. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையிலேயே நானாகப் போட்ட முதல் சுருள். நாற்பது வருஷமும் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். முதல் படத்துக்குச் சுற்றும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே சுழல்கிறதா, பிலிம் நகர்கிறதா என்று பார்ப்பாள். "சுத்துது டெஸ், போய் எடு" என்பாள். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஊரில் பாதிக் கல்யாணங்களை நான் எடுத்தேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடப் பொய்க்காமல் காத்தவள் அவள். எவ்வளவு பெரிய கெட்டிக்காரியோடு வாழ்ந்திருக்கிறேன் என்பது இந்த வெற்றுச் சுருளைத் தூக்கிப் பிடித்தபோதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அழுதேன்.

இதற்காக நான் போன் படக் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று நினைக்காதே. பிலிம் பிலிம்தான். எண்ணி எடுக்கும்போதுதான் மனிதன் முகத்தை உற்றுப் பார்க்கிறான். உன் குழந்தையின் இடது புருவம் அம்மாவுடையதுபோலவே மேலே வளைகிறது, நீ கவனித்தாயா? எடுத்த படம் போனாலும் பார்த்தது போகவில்லை.

ஆனாலும் தேவிதாவிடம் ஒன்று கேட்க வேண்டும். குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்தபோது சமையலறை வாசலில் நின்று அவன் போனில் ஒரு படம் எடுத்தான். "தம்பி, அதை உள்ள வை. இந்த வீட்டுல படம்னா பிலிம்தான்" என்று நான் விரட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே, "சரி மாமா, உங்களுதே வரட்டும்" என்று பையில் போட்டுக்கொண்டான். அந்தப் படத்தை அழித்துவிடாமல் வைத்திருந்தால் அனுப்பச் சொல். மாமா மன்னிப்புக் கேட்டார் என்றும் சொல். நேரில் கேட்க எனக்கு வாய் வராது, அது உனக்கே தெரியும்.

சிப்பிப் பருவம் முடிவதற்குள் மூவரும் ஒருமுறை வாருங்கள். குமிழைப் பார்க்க அம்மா உனக்குத்தானே சொல்லிக் கொடுத்தாள். புதுச் சுருள் வாங்கி அவள் நாற்காலியில் வைத்திருக்கிறேன். கேமராவின் முதுகைத் திறந்தே வைத்திருக்கிறேன் மகளே, நீ வந்துதான் மூட வேண்டும்.

குழந்தையின் இடது புருவத்துக்கு என் முத்தம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
டெஸ்மண்ட்