இடம்பிடிக்க வைத்த அட்டை

மே 14, புதன்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். சுற்றுலாக் கப்பலில் சூதாட்ட இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவதற்கு முதல் சிலுவை அடையாளம் போட்டேன். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரியும் பார்த்துப் பழகிவிட்டாள். நாற்பது டொலர் போனது. கடவுளைக் குறைசொல்ல முடியாது, அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

வீடு வந்து மூன்று நாள், தரை இன்னும் ஆடுகிறது. நானும் இவரும், இவருடைய தங்கச்சி நிரஞ்சனியும், அவள் புருஷன் ஆனந்தராசா அண்ணையும் போய்வந்தோம். அண்ணை எங்கள் தேவாலயப் பங்குச் சபைத் தலைவர். ஏறும்போதே அறிவித்தல் தந்துவிட்டார்: "நான் அந்தச் சூதாடுற பக்கம் காலும் வைக்கமாட்டன்."

"கால் வேண்டாம் அண்ணை, பொத்தானை அமத்தக் கை காணும்" என்றேன். நிரஞ்சனி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மே 15

மழை. கால் வீக்கம். ஒன்றுமில்லை.

மே 27, செவ்வாய்

கப்பல்காரரிடமிருந்து கடிதம். இவர் நாலு தரம் வாசித்தார். செப்டம்பரில் நியூயோர்க்கிலிருந்து பெர்முடாவுக்கு, இரண்டு பேருக்கு அறை இலவசம். வரியை மட்டும் கட்டவேணும். சூதாட்டக் கூடத்தின் அன்பளிப்பு. என்னுடைய பெயருக்கு!

இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு யோசெப்பின். எவ்வளவு விட்டனீ?"

நாற்பது என்றேன்.

"நாப்பதுக்கு ஆர் கப்பல் குடுக்கிறான்?"

நல்ல கேள்விதான். பாவம் பார்த்துத் தந்திருப்பார்களோ?

மே 28, புதன்

பாவமாவது ஒன்றாவது. இன்றைக்கு மரிசெல் எல்லாம் விளங்கப்படுத்தினாள். மொன்றியல் சென்ட் லோரன்டில், எங்கள் மருந்துத் தொழிற்சாலையில், மாத்திரை அடைக்கிற வரிசையில் எனக்கு எதிரே நிற்கிற பிலிப்பைன்ஸ்காரி. ஏழு வருடம் கப்பலில் சீட்டு மேசையில் நின்றவள். என் பிரெஞ்சும் அவள் பிரெஞ்சும் சேர்ந்தால் ஒரு முழு ஆளின் பிரெஞ்சு.

ஆர் தோற்றது, ஆர் வென்றது என்று அவர்கள் பெரிதாகப் பார்ப்பதில்லையாம். இயந்திரத்தில் உன் அறை அட்டையைச் செருகினால், எத்தனை தரம் அழுத்தினாய், ஒவ்வொரு தரமும் எவ்வளவு வைத்தாய், எவ்வளவு நேரம் இருந்தாய், எல்லாம் பதிவு. சீட்டு மேசையென்றால் பின்னால் ஒருவன் நின்று உன் வழக்கமான பந்தயத்தையும், வந்த நேரம் எழும்பின நேரத்தையும் குறிப்பான். இப்படி விளையாடுகிறவரிடம் நாளடைவில் தங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு நீ வென்றுகொண்டு போனாலும் பரவாயில்லை. அந்த 'மிஞ்சும்' என்பதுதான் உன் பெறுமதி. அதில் ஒரு துண்டை வெட்டி உனக்கே அறையாகத் தருவார்கள். ஐந்நூறை ஒரே அடியில் விட்டுவிட்டு எழும்பிப் போகிறவனைவிட, சில்லறை வைத்து ஐந்து மணித்தியாலம் இருக்கிறவள் பெரிய ஆள்.

என்ன மூளை! எங்கள் சனம் கலியாணவீட்டில் ஆர் வந்தது, ஆர் சாப்பிடாமல் போனது என்று பார்க்கிற கண்ணும் இவ்வளவு கூர்மையில்லை. தோற்றவனைத் திட்டவுமில்லை, வென்றவனில் பொறாமையுமில்லை. இருந்தாயா, அது காணும். என்னை இவ்வளவு கவனமாக ஒருவரும் பார்த்ததில்லை. முப்பது வருடம் கட்டியிருக்கிற மனுசன் உட்பட.

மத்தியானம் அவளே கப்பல் கந்தோருக்குப் போன் எடுத்துக் கேட்டாள். பயணத்தின் இரண்டாம் நாள், பின்னேரம் நாலிலிருந்து ஒன்பது வரை என் அட்டையில் ஓயாமல் விளையாட்டு நடந்திருக்கிறது.

நாலிலிருந்து ஒன்பதா? அப்போது நான் மேடையில் நடன ஆட்டம் பார்த்தேன், பிறகு சாப்பாட்டு மேசையில் மூன்றாவது கேக்.

பின்னேரம், பஸ்ஸில்

ஞாபகம் வந்துவிட்டது. எழும்பிப் போகும்போது, அந்த நீலக் கதிரையை வேறு ஆரும் பிடித்துவிடுவார்கள் என்று அட்டையை இயந்திரத்திலேயே விட்டுவிட்டுப் போனேன். ஊரில் பஸ் யன்னலால் கைக்குட்டையைப் போட்டு இடம்பிடிக்கிற மாதிரி. பேந்து திரும்பி வந்தபோது அட்டை அப்படியே இருந்தது.

அன்றைக்கு எங்கள் நாலு பேரில் இரவுச் சாப்பாட்டுக்கு வராத ஆள் ஒரே ஒருவர். வயிற்றுக்குச் சரியில்லை என்று அறையில் படுத்தவர்.

ஐயோ, ஆனந்தராசா அண்ணை.

யூன் 1, ஞாயிறு

பூசை முடிந்து அண்ணை மண்டபக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "இப்ப வயிறு எப்பிடி அண்ணை? அந்த நீலக் கதிரையில இருந்தவுடனை சுகமாகிட்டுதோ?" என்றேன்.

நாலு கதிரை கையிலிருந்து சரிந்தது. நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

தன் பெயர் எங்கேயும் விழக்கூடாதென்று, ஆரோ அட்டை செருகிவிட்டிருந்த இயந்திரத்தில் காசைப் போட்டு விளையாடினாராம். அட்டை என்னுடையதென்று பிறகுதான் தெரிந்ததாம். எழும்பும்போது பதினேழு டொலர் லாபம். நான் சிரிக்க வாய் திறந்தேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்து மூடிவிட்டேன்.

"அஞ்சு மணித்தியாலம், பிள்ளை. ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. மண்டபப் பூட்டின்ர திறப்பு எங்கை, கதிரை எத்தினை, பாதர் எப்ப வாறார், ஒண்டுமில்லை." பிறகு மெதுவாக, "நிரஞ்சனிக்குத் தெரிஞ்சா அவளின்ர முகத்தில நான் முழிக்க ஏலாது."

என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் சொன்னால் பாலம் தாண்டி மொன்றியலுக்கு வந்துவிடும். அதிலும் இப்படி ஒரு கதை! முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆகத் திறமான கதை. இதை எப்படி வயிற்றுக்குள் வைத்திருப்பது?

ஆனால் பகிடிக்கும் ஒரு எல்லை இருக்குத்தானே. இருக்கா? இருக்கவேணும்.

யூன் 3, செவ்வாய்

மனது கேட்கவில்லை. ஆரோ ஒருவருடைய விளையாட்டில் நான் கப்பலேறுவதா? மரிசெல்லைக்கொண்டு கந்தோருக்கு உண்மையைச் சொன்னேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. பயணத்தைப் பறிப்பார்களென்றுதான் நினைத்தேன். கந்தோரில் போன் எடுத்த பெண் சிரித்தாளாம். அட்டையை இனி விட்டுப் போகவேண்டாம், பயணம் உங்களுடையதுதான், அந்த ஐயாவையும் கூட்டிவாருங்கள், அவருக்கும் ஒரு அட்டை தருகிறோம் என்றாளாம்.

ஒரு ஆளையும் விடமாட்டார்கள். கும்பிட வேண்டிய ஆட்கள்.

இவர் வரமாட்டாராம். போன தரம் தலைசுற்றிச் சத்தியெடுத்தது போதுமாம். யோசித்தேன். ஆனந்தராசா அண்ணையின் ஐந்து மணித்தியாலத்துக்கு உரிமைக்காரர் ஆர்? நிரஞ்சனியைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். அண்ணைக்குச் சொன்னேன். கண் கலங்கிவிட்டது. துறைமுகத்துக்குத் தானே காரில் ஏற்றிப்போவாராம்.

செப்டம்பர் 6, சனி

மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. இவர் எனக்கு ஏதும் வருத்தமோ என்று கேட்டார்.

இன்றைக்கு நிரஞ்சனி வீட்டில் பெட்டி அடுக்கினோம். மடித்துக்கொண்டே, வானிலை சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்: "மச்சாள், இவர் வயித்துக்குத்து எண்ட அண்டைக்கு நான் கஞ்சி கொண்டுபோனனான். அறையில ஆளில்லை. தேடிப் போய்ப் பாத்தன். பொத்தானை அமத்திக்கொண்டு, குழந்தைப்பிள்ளை மாதிரி இருந்தார். கொஞ்சநேரம் தூணுக்குப் பின்னால நிண்டு பாத்திட்டு வந்திட்டன்."

ஏன் கூப்பிடவில்லை என்றேன்.

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து அவர் அப்பிடிச் சும்மா இருந்து நான் காணேல்லை. இருக்கட்டும் எண்டு விட்டன். நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ, கூச்சப்படுவார்."

கஞ்சியைத் தானே குடித்தாளாம்.

கப்பலில் இவ்வளவு கமரா வைத்திருந்தும் அவர்களுக்குத் தெரியாத ஒரு கணக்கு. இப்போது இரண்டு பேருடைய இரகசியமும் என்னிடம். நான் செத்துவிடுவேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு. கப்பல்

அண்ணை விடிய வெளிக்கிட்டு, ஓரிடத்திலும் தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் நியூயோர்க்கில் கொண்டுவந்து சேர்த்தார். துறைமுகத்தில் நிரஞ்சனியின் பெட்டியைத் தானே இறக்கினார். அவள் அவருடைய சட்டைக் கொலரைச் சரிசெய்து, "வீட்டை போய்ச் சும்மா இருங்கோ. ஒருத்தருக்கும் போன் எடுக்காதேங்கோ" என்றாள். அவர் தலையாட்டினார். சொன்னபடியே போனை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினார்.

கப்பல் நாலு மணிக்கு வெளிக்கிட்டது. என்னுடைய பெட்டி அவருடைய காரின் பின்பக்கத்தில் மொன்றியலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நிரஞ்சனியின் சட்டைகள் எனக்கு முழங்கை வரைக்கும்தான் ஏறும்.