பஞ்சு ஒட்டிய கடல்

1936 மே 12, செவ்வாய்.

கடற்கரைப் படத்தின் எண்ணெய் வண்ணம் காய நான்கைந்து நாளாகும். அதற்குள் பக்கத்து மில்லின் பஞ்சுத் தூசி ஜன்னல் வழியே வந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து ஊசியால் ஒவ்வோர் இழையாக எடுத்தேன். அலையின் இடது ஓரம் மட்டும் பாக்கி.

மாலையில் படத்தை வரையச் சொல்லியிருந்த கவுண்டர் வந்தார். அவர் பார்வை மணலையும் படகையும் தாண்டி, பஞ்சு எடுக்காத அந்த ஓரத்திலேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க, இந்த நுரைய எப்படிங்க போட்டீங்க? நெசக் கடலாட்டவே இருக்குதுங்க!"

"பழக்கந்தானுங்க" என்றேன்.

போன கோடையில் தூத்துக்குடி வெயிலில் பத்து நாள் நின்று கற்ற என் நுரை, சுத்தம் செய்த வலது பக்கத்தில் இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

ஊசியைப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.