மேற்படி பிரளயம் குறித்து

786

மட்டாஞ்சேரி
20-7-1984

அன்பு மகன் ஷௌகத் அலிக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் அம்மாவின் முழங்கால் வலி தவிர, அதுவும் மழை விட்டால் போய்விடும் என்கிறாள். உன் தங்கை மெஹருன்னிசா டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டாள். உன் சுகத்தைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை, கேட்டால் இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை வரும், அதற்கும் நான் டிக்ஷனரியைத் தூக்க வேண்டும்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மார்ச்சில் ஃபிளட் ஆஃப் ஆர்டர்ஸ் என்றாய், ஏப்ரலில் ஸ்வாம்ப்ட் வித் வொர்க், மே மாதம் டெல்யூஜ், பிரளயமே வந்துவிட்டதாம். பெருநாளுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு இப்போது அவலாஞ்ச் ஆஃப் பேப்பர்ஸ். டிக்ஷனரியில் பார்த்தேன், மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுவதாம். பம்பாயில் எந்த மலையில் பனி சரிகிறது, சொல் பார்ப்போம். உன் அம்மா அர்த்தம் கேட்டாள், வேலை ரொம்ப அதிகமாம் என்று சொல்லி வைத்தேன். அவ்வளவுதான், பக்கத்து வீட்டு அம்மிணியிடம் போய் என் பிள்ளை இல்லாவிட்டால் அந்த ஆபீசே நடக்காது என்று பீற்றிக்கொண்டாள், திரும்பி வந்து மத்தியானம் சாப்பிட்டானோ என்னவோ என்று அழுகிறாள். இரண்டையும் நான்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இந்த வார்த்தைகளை யாரிடம் காட்டுகிறாய் நீ? அவலாஞ்ச் தவிர மற்றதெல்லாம் பம்பாய்க்கு ரயிலேறும்போது உன் பெட்டியில் நான் வைத்துக் கொடுத்த நோட்டில் இருப்பவை. பஜாரில் தண்ணீர் புகுந்த கிடங்குக்காரர்களுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு லெட்டர் அடித்துக் கொடுத்து இருபத்திரண்டு வருஷமாக நான் சேர்த்த சரக்கு, அதை எனக்கே விற்கிறாய். எதை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியாதா? கணுக்கால் அளவு வந்தால் ஃபிளட், தரை ஈரமானாலே இனண்டேஷன், ஒன்றுமே இல்லாவிட்டால் டெல்யூஜ். சுக்கு வியாபாரி ராமபத்ரன் கிடங்கில் ஒரு ஓடு உடைந்து ஒழுகி மூலையில் நாலு சாக்கு நனைந்தது, அதற்கு ஒரு பக்கம் முழுக்க டெல்யூஜும் டாரன்ட்டுமாக அடித்துக் கொடுத்தவன் நான்தான். பார்க்க வந்த சர்வேயர் காய்ந்த தரையில் நின்றுகொண்டு, "தாவூதிக்கா, பிரளயம் எவிடெ?" என்று கேட்டார், பிரளயம் எங்கேயாம், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் கொப்பரை வியாபாரி நாணு வந்தான். உண்மையிலேயே கடையோடு போய்விட்டது, ஒரு சாக்கு மிஞ்சவில்லை. நான் நோட்டைப் புரட்டிப் பெரிய வார்த்தையாகத் தேடினேன், "வேண்டா சாரே, உள்ளது மதி" என்று தடுத்துவிட்டான். உள்ளது போதுமாம். வெள்ளம் வந்தது, எல்லாம் போனது, இரண்டே வரி, கீழே கையெழுத்து. அன்றையிலிருந்து யாராவது டெல்யூஜ் என்று ஆரம்பித்தால் நான் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்க்கிறேன்.

உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். முதல் வருஷம் எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பில் அடித்தாய், மேனேஜர் எதற்குத் திட்டினார், மெஷினில் எந்த எழுத்து ஒட்டிக்கொள்கிறது, எல்லாம் எழுதியிருக்கிறாய். மார்ச்சுக்குப் பிறகு ஒரு கப்பல் பெயர் கிடையாது, ஒரு பில் கிடையாது, திட்டுவதற்கு ஒரு மேனேஜர்கூடக் கிடையாது. போன மாதம் தோப்பும்படி ஒர்க்ஷாப் செல்லதுரை பம்பாய் போனபோது உன் அம்மா உப்பு மாங்காய் ஜாடி கொடுத்தனுப்பினாள். ஆபீசில் நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள் என்று திருப்பிக் கொண்டுவந்தார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாடியை உன் அம்மா கண்ணில் படாமல் என் ஆபீஸ் மேஜைக்கடியில் வைத்திருக்கிறேன், சாயா குடிக்க வருகிறவனெல்லாம் என்ன வாசனை என்று கேட்கிறான், அவனுக்கும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷௌகத், உனக்கு அங்கே வேலை போய்விட்டது. மார்ச்சிலேயே போயிருக்கும் என்று நினைக்கிறேன். வேலை போனதற்காக எனக்குக் கோபம் இல்லை, யாருக்கும் போகும். நாலு மாதமாக இதை ஒருவனாக வைத்துக்கொண்டு எங்கே சாப்பிட்டாய், யார் அறையில் படுத்தாய் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வாயைத் திறந்து சொன்னால் அத்தா அடித்துவிடுவேனா? இங்கே துறைமுக ஐலண்டில் ஒரு கப்பல் ஆபீசில் டைப்பிஸ்ட் தேடுகிறார்கள், ஹஜ் பெருநாளுக்குள் ஆள் வேண்டுமாம், உன்னைச் சொல்லி வைத்திருக்கிறேன். நான் நினைத்தது தப்பு, வேலை இருக்கிறது என்றால் அதையும் எழுது, முட்டாள் அத்தா என்று சிரித்துக்கொள்.

இதோடு ஒரு கார்டு வைத்திருக்கிறேன். விலாசம் என் ஆபீசுக்கு எழுதியாகிவிட்டது, நீ பின்பக்கம் மட்டும் எழுதினால் போதும். நாணு மாதிரி இரண்டு வரி, மூன்றாவது வரி எழுதினால் கிழித்துப்போடுவேன். உன் அம்மாவிடம் சொல்லும் வேலையை என்னிடம் விடு, இவ்வளவு நாள் அவளிடம் பொய் சொன்னவன் நான்தானே. ராமபத்ரன் கிடங்கில் அந்த உடைந்த ஓட்டை மாற்ற ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும், முதலிலேயே ஓடு என்று சொல்லியிருந்தால்.

மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன். அம்மாவும் மெஹருன்னிசாவும் சலாம் சொல்லச் சொன்னார்கள்.

துஆவுடன்
அத்தா
தாவூது

உப்பு மாங்காய் இன்னும் கெடவில்லை. மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.