மணற்காட்டுக் காசு

அன்புள்ள பெரியப்பா,

இரவு இவ்வளவு நேரம் சென்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆரணிக்கு இருமல். இருமுகிற பிள்ளையைக் கார்தெரிக் காப்பகத்தில் எடுக்கமாட்டார்கள், எனக்கோ நாளைக்கு லீவு இல்லை. அவள் மூச்சு சரியாக வருகிறதா என்று எழும்பி எழும்பிப் பார்க்கிறேன். அவளுக்கு நாலு வயதாகியும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை, நீங்கள் எவ்வளவு பகிடி பண்ணியும்.

நூலகத்தில் உங்களை மிஸ்யு எத்தியென் என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் அப்பா உங்களை முதல் நாளே அண்ணை என்றார். அப்பாவுக்கு அண்ணை என்றால் எனக்குப் பெரியப்பாதானே? நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், "ஆதாரம்?" என்று புருவத்தைத் தூக்கியிருப்பீர்கள்.

காசுகளைப் பற்றிய உங்கள் புத்தகத்தின் அச்சுப்படி வந்துவிட்டது. தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்கும் வேலையை எனக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும். அதில்தான் சிக்கல்.

பிரான்சில் ஒரு வெதுப்பகக்காரரின் மகனாகப் பிறந்து, மொன்றியலுக்குப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர் நீங்கள். நூலகத்து நிலவறையில் ஒருவரும் திறக்காத இழுப்பறைகளில் பழங்காசுகளைக் கண்டீர்கள். ரோமக் காசுகளுக்கு நடுவே ஒரு செம்புக் காசு. ஒரு பக்கம் படுத்திருக்கும் காளை, கீழே உங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அந்த எழுத்துக்காகவே தமிழ் படித்தீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த கிழமை அதை நீட்டி, "இதைச் சத்தமாக வாசியுங்கள், மனிதக் குரலில் கேட்கவேண்டும்" என்றீர்கள். "சேது" என்றேன். யாழ்ப்பாணத்து அரசர்களின் காசு. உங்கள் கண் கலங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு எங்கள் சனம் ஒவ்வொருவராக உங்களிடம் வந்தது. ஊரில் இருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த காசுகளோடு வந்தது. எல்லோரிடமும் தமிழில் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "எங்க எடுத்தது?" எடுத்த இடம் தெரியாத காசு அநாதைக் காசு என்பீர்கள். இடத்தையும் எடுத்தவர் பெயரையும் ஒரு அட்டையில் எழுதிவிட்டு, காசைத் திருப்பி அவர்கள் கையிலேயே வைத்தீர்கள்.

அப்பாவும் ஒரு சேதுக் காசு கொண்டுவந்தார். "கொழும்பில, செட்டியார் தெருவில அத்திவாரம் கிண்டேக்க எடுத்தது அண்ணை. என்ர பேர் போடவேண்டாம்" என்றார். நீங்கள் அப்படியே எழுதினீர்கள். பிறகு அந்தக் காசை வைத்துத்தானே நாலாம் அத்தியாயம்? வடக்கின் காசு தெற்கின் கடைத்தெருவரை போனது என்று. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "நாலாம் அத்தியாயம்தான் நான்" என்றீர்களே.

போன ஞாயிறு லவாலில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். சாமித்தட்டில் இருந்த அந்தக் காசை ஆரணி எடுத்துவிட்டாள். வாயில் போடப்போகிறாள் என்று நான் ஓடினேன். போடவில்லை, பெரியப்பா. நீங்கள் பிடிப்பதுபோல விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, நீங்கள் கொடுத்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, உங்கள் பிரெஞ்சு இழுவையிலேயே கேட்டாள்.

"அம்மப்பா, எங்க எடுத்தது?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "வந்திட்டா பெரிய லைப்ரேரியன்! எங்கட ஊர் மணற்காட்டில குஞ்சு. சோளகக் காத்து மண்ணைக் கிளப்பிப்போட்டுப் போக, காலடியில கிடந்தது."

நான் கையிலிருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன். "அப்பா, கொழும்பில எடுத்ததெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

சிரிப்பு நின்றது.

"ஊர் எது எண்டு கேட்ட ஆமிக்காரனுக்கு ஊரைச் சொன்ன ஆக்கள் கொஞ்சப் பேர் திரும்பி வரேல்லை, பிள்ளை. எங்க நிண்டாலும் கொழும்பு எண்டு சொல்லிச் சொல்லியே நான் தப்பினது. அண்டைக்கும் ஒரு மேசை, ஒரு வெள்ளைக்காரர், கையில பேனை. வாய் தன்ர பாட்டில சொல்லிப்போட்டுது."

"பேந்தாவது சொல்லியிருக்கலாமே? எத்தனை தரம் அவரோட இருந்து கோப்பி குடிச்சனீங்கள்!"

"பேந்து அவர் அண்ணையாப் போனார். அண்ணையிட்ட எப்பிடிச் சொல்லுறது, நான் பொய் சொன்னனான் எண்டு?"

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்ய? பதிப்பகத்துப் பெண்ணிடம் கேட்டேன். "ஆசிரியர் உயிரோடு இல்லை. எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், அத்தியாயத்தை இடிக்காதீர்கள்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. காசு வடக்கிலேயே கிடந்தது என்று இந்த ஒரு வரியைத் திருத்தினால், நீங்கள் உங்களையே வைத்துக் கட்டிய அத்தியாயம் நிற்காது. திருத்தாவிட்டால் மணற்காட்டுக் காசு, பிழையான ஊரின் பெயரோடு என்றென்றைக்கும் அச்சில் கிடக்கும். அப்பா இத்தனை வருடம் கிடந்ததுபோல.

மூன்று நாளாக இதே யோசனை. ஆரணியின் கார்தெரியில் எந்த ஊர் என்று கேட்டபோது நான்கூட "மொன்றியல்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவியவள்தானே? அந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது? அதை இவளுக்கும் கொடுத்துவிட்டேனோ?

உங்கள் அட்டைகளை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிழையை ஒருநாளும் நீங்கள் அழித்ததில்லை. பழையது வாசிக்கத் தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் சரியானது, அதைச் சொன்னவர் பெயர். "அடுத்து வருகிறவர் அதே பள்ளத்தில் விழக்கூடாது" என்பீர்கள். உங்கள் பிழைகளுக்கும் அதே கோடுதான் போட்டிருக்கிறீர்கள். எவ்வளவு கோடுகள், பெரியப்பா!

பின்னேரம் அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். திருத்தப்போகிறேன் என்றேன்.

"அண்ணையின்ர அத்தியாயம் பழுதாப்போகுமோ?"

"ஓம் அப்பா."

"அப்ப வடிவா எழுது, பிழை என்னில எண்டு. என்ர முழுப்பேரையும் போடு. மணற்காடு எண்டும் போடு."

ஆகவே நாலாம் அத்தியாயத்தில் ஒரு சொல்லையும் நான் அழிக்கமாட்டேன். அதன் அடியில் மணற்காடு என்றும், எடுத்தவர் என்று அப்பாவின் பெயரும் வரும். புத்தகம் வந்ததும், எங்கள் ஊர் எது என்று அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் ஆரணிக்குச் சொல்லுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

ஒன்றுதான் தெரியவேண்டும். அப்பா கேட்கச் சொன்னார்: அவரில் உங்களுக்குக் கோபமா?

கெதியாகப் பதில் போடுங்கள்.

உங்கள் பெறாமகள்