ஏழு தரம் கழுவிய ஹவுஸ்கோட்

என் ஜெசி ராத்தாவுக்கு,

கச்சானுக்குச் சுகமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால், கடிதத்தில் மற்ற எல்லா வரியையும் தாண்டி இதைத்தான் தேடியிருப்பீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷமாகப் போகிறது. பள்ளிக்கூட மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அதிபர் கேட்டார். "அன்பும் பண்பும் நிறைந்த ஆசிரியை" என்று தொடங்கி மூன்று தரம் கிழித்துப் போட்டேன். அப்படி யாரைப் பற்றியும் எழுதலாம். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். இதை மலரில் போடுவார்களோ தெரியாது.

போட்டால், படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜெசிந்தா டீச்சர் வேதக்காரர், கிறிஸ்தவர், கற்பிட்டிப் பக்கம். நான் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பதினாறு வருஷம் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அவர் தமிழ் படிப்பித்தார், நான் விஞ்ஞானம். எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம். நான் அவரை அப்படிக் கூப்பிட்டது பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருந்தது. கச்சான் அவருடைய பெட்டை நாய். பெயர்போலவே வறுத்த கச்சான் கடலை நிறம். பூனையைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

உங்கள் தம்பி இத்தாலியிலிருந்து வந்து, அடக்கம் முடித்து, வீட்டைப் பூட்டிவிட்டு எட்டாம் நாள் திரும்பிப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த லீவு அவ்வளவுதான். உங்கள் உடுப்பையெல்லாம் மாதா கோயிலுக்குக் கொடுத்தார். கச்சான் உங்கள் பச்சைப் பூப்போட்ட ஹவுஸ்கோட்டுக்கு மேல் படுத்துக்கொண்டு எழும்ப மறுத்ததால் அது மட்டும் மிஞ்சியது. "இத என்ன செய்யிற டீச்சர்?" என்று நாயைக் காட்டிக் கேட்டார். நான் கொண்டு போகிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் உம்மாவை நினைத்தேன்.

உம்மா கேற்றிலேயே மறித்தார். "நாயா? மலக்குமார் வாற வீட்டுக்கு நாயா? படிச்சுப் படிச்சு உனக்கு மண்டை கழண்டுட்டா?" நாய் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

"ஜெசி ராத்தாட நாய் உம்மா."

கச்சான் என் காலடியில் நின்று ரோட்டுக் கழுதைகளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தாள். என் ஒரு கையில் அவளுடைய கயிறு, மற்றக் கையில் ஹவுஸ்கோட் போட்ட ஷொப்பிங் பை. உம்மா பையையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். "நாங்களும் ஒருத்தர்ர வாசல்ல இப்படி ஒரு பையோடதானே வந்து நின்டம்," என்றார். "பின்னுக்குக் கொட்டில்ல இரிக்கட்டும். ஆனா குட்டி போட்டுதோ, அன்டைக்கே தாயும் குட்டியும் வெளிய."

அப்படித்தான் குட்டி போடாமலிருக்கச் செய்கிற அந்த ஒபரேஷன் வந்தது. நீங்களே செய்யவேண்டும் செய்யவேண்டும் என்று தள்ளிப்போட்ட விஷயம். இந்த மழைக்காலம் தொடங்க ஊர் ஆண்நாய்கள் எல்லாம் எங்கள் வேலிக்குள் தலையைப் போட்டன. குட்டி போட்டால் பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி உப்பளத்துப் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். பட்டணத்தில் ஒரு மிருக வைத்தியரை விசாரித்து நாள் எடுத்தேன்.

கொண்டுபோனது ஃபாரூக் நானாவின் ஓட்டோவில். அவர் சீட்டில் பழைய பெட்ஷீட் விரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், உங்கட ஆள்ர எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும். அதில ஒரு தரம் மண்ணும் போட்டு. இந்த வண்டிய ஏழு தரம் கழுவினா பெயின்ட்டும் மிஞ்சாது."

"எச்சில் படாது நானா. மடியில வெச்சிருக்கிறன்."

"அப்ப உங்களத்தான் ஏழு தரம் கழுவணும்."

பாலாவிச் சந்தி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன் ராத்தா. உங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

டொக்டர் சின்னப் பெண், சிங்களம். தமிழ் கொஞ்சம் வரும். ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. நாக்கு ஒரு பக்கம் தொங்க, கண் பாதி திறந்திருக்க, கச்சானை ஒரு துவாயில் சுற்றி என் கையில் தந்தார். வயிற்றில் மயிர் வழித்த இடம் குழந்தைத் தோல்போல இருந்தது. நடுவில் மூன்று விரல் நீளத்துக்கு வெட்டு. ஐந்து தையல்.

"பத்து நாள் மிஸ். தண்ணி படக் கூடாது. நக்க விட வேணாம். படுக்கிற இடம் காஞ்சு இருக்கணும். காஞ்சு. விளங்குதா?"

விளங்குகிறது என்றேன். ஒன்பதாம் வகுப்புக்கு நுண்ணங்கிகள் பாடம் எடுக்கிறவளுக்கு இது விளங்காதா?

நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இதென்ன, லவுட்ஸ்பீக்கர் கட்டி விட்டிருக்கு? எலக்சன் கூட்டத்துக்கு அனுப்பலாம் போல." கச்சான் நடக்கிறபோது கூம்பு நிலத்தில் இடறும், நிலைக்கதவில் முட்டும், பிறகு ஏன் முட்டியது என்று தெரியாமல் அங்கேயே நிற்பாள். தட்டையான பீரிஸ் தட்டில்தான் தண்ணீர் குடிக்க முடிந்தது. மாத்திரையைப் பொடித்து அவித்த சூடை மீனுக்குள் வைத்துக் கொடுத்தேன். வேலைக்கென்று ஒரு பழைய அபாயாவை ஒதுக்கினேன். காலையிலும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் அவளை மல்லாத்திப் பிடித்துத் தையலைப் பார்ப்பேன். முதல் மூன்று நாள் வெட்டு உலர்ந்து, கோடு மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தது. புதுச் சாக்கு விரித்தேன், படுக்கவில்லை. பெட்ஷீட்டை மடித்துப் போட்டேன், படுக்கவில்லை. உங்கள் ஹவுஸ்கோட்டில் மட்டும்தான் படுப்பாள். மூக்கை அதன் கைக்குள் செருகிக்கொண்டு படுப்பாள்.

இனி வருவதை எழுதுவதற்குத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

நாலாம் நாள் வாப்பாவின் வருஷக் கத்தம், அவர் மௌத்தான நாளுக்கு ஓதுவது. உங்களுக்குத் தெரியும், பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதுவார், ஊரில் பெண்கள் எல்லாம் வருவார்கள், குசினி வழியாகப் பின்பக்கம்வரை போவார்கள். காலையில் பார்த்தேன், கச்சான் ஹவுஸ்கோட்டைக் கூம்போடு தள்ளித் தள்ளிக் குசினி வாசல்வரை கொண்டு வந்திருந்தாள். எச்சிலும் மூத்திரமும் பட்டு நாய் வாடை. ராத்தா, அந்தத் துணியை அப்படியே தூக்கிக் கொட்டிலுக்குள் எறிந்திருக்கலாம். நாய் படுக்கிற துணியை ஏழு தரம் கழுவச் சொல்லி மார்க்கத்தில் எங்கேயும் இல்லை. நாங்கள் உண்கிற பாத்திரத்துக்கும் உடுத்துத் தொழுகிற துணிக்கும்தான் அது. உம்மாவும் கழுவச் சொல்லவில்லை, உம்மா அப்போது இடியப்ப மாவோடு இருந்தார்.

நான்தான் கழுவினேன். டீச்சர் வீட்டில் நாய் வாடை என்று ஒருத்தி முக்காட்டை இழுத்து மூக்கைப் பொத்துவாளே என்ற வெட்கத்தில். முதலில் மண். குழாயடிக்குப் பக்கத்தில் கோழிக்கூட்டு ஓரத்து மண்ணை அள்ளித் தேய்த்தேன். பிறகு ஆறு தண்ணீர். எட்டு வயதிலிருந்து பழகிய கை, எண்ணிக்கை பிசகாமல் தானாகவே செய்தது. அந்தக் கைக்கு நுண்ணங்கிகள் பாடம் தெரியாது.

அன்று விடாமல் மழை. துணி காயவில்லை. கத்தம் முடிந்து எல்லோரும் போன பிறகு கொட்டிலைப் பார்த்தேன். கச்சான் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து படுக்கவேயில்லை. கண் மூடும், கூம்பு கனத்துத் தலை சரியும், திடுக்கிட்டு நிமிர்வாள், மறுபடி நிற்பாள். தையல் போட்ட வயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஹவுஸ்கோட்டை இன்னொரு தரம் முறுக்கிப் பிழிந்து, ஈரம் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விரித்தேன். அவள் வந்து மூக்கை வைத்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். திரும்பவும் மூக்கை வைத்துத் தேடினாள்.

நீங்கள் அதில் இல்லை. ஏழு தரம் கழுவி உங்களை எடுத்துவிட்டேன். கடைசியில் களைப்பில் அந்த ஈரத்திலேயே படுத்தாள், வயிறு கீழே பட. ஹவுஸ்கோட்டின் தையல் மடிப்புகளில் மண் தங்கியிருந்ததை நான் மறுநாள்தான் கண்டேன்.

ஆறாம் நாள் வெட்டு வாய் திறந்து சீழ் வந்தது. காதெல்லாம் நெருப்பு மாதிரிச் சூடு. ஃபாரூக் நானா அன்று பெட்ஷீட் விரிக்கவுமில்லை, பகிடி விடவுமில்லை. "பிடிங்க டீச்சர், கெதியாப் போவம்," என்றார், அவ்வளவுதான்.

டொக்டர் காயத்தைக் கழுவித் துப்புரவாக்கினார். "எதில படுக்க வெச்சீங்க மிஸ்?"

"சுத்தமான துணியில," என்றேன்.

அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஊரில் அதைவிடச் சுத்தமான துணி அன்றைக்கு இருந்திருக்காது.

மூன்று நாள் ஊசி போட்டார்கள். அவள் சாப்பிடுவதை விட்டாள். மீன் வைத்த மாலு பாண் வாங்கி, நீங்கள் இடைவேளையில் எனக்குக் கொடுப்பதுபோல நடுவில் பிய்த்து நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது கூம்பைக் கழற்றிவிட்டோம். நக்குவதற்கு அவளுக்கு உடம்பில் உயிர் இல்லை.

நேற்று உம்மா ஒரு கோப்பைத் தண்ணீரில் ஓதி ஊதிக் கொட்டிலுக்குக் கொண்டு வந்தார். "நாய்க்கு ஓதிப் பார்க்கிறது கூடுமோ கூடாதோ தெரியாது," என்றார். "டீச்சர்ர நாய்தானே. அல்லாஹ்வுக்குத் தெரியும்." கரண்டியால் வாய் ஓரத்தில் விட்டார். அது வெளியே வழிந்தது. உம்மா தன் சீலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மகள், இதுக்கு நோவுது. உனக்காக வெச்சிருக்காத," என்றார்.

நான் செய்ததை உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இன்று காலையில் டொக்டர் தொலைபேசியில் பேசினார். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டதாம். "பலமு, பார்ப்பம் மிஸ் என்டு போன கிழமை சொன்னேன். இனிப் பார்க்க ஒன்டுமில்ல. நோவு மட்டும்தான். நீங்க சொன்னா நாளைக்கு ஊசி போட்டுத் தூங்க வைக்கலாம்." அதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது? லெப்பையிடம் ஒரு நாயைப் பற்றி எப்படிக் கேட்பேன்? கேட்டு அவர் கூடாது என்றால், இந்த மூச்சை இன்னும் எத்தனை நாள் எண்ணிக்கொண்டு இருப்பேன்? நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? ஒரு வருஷமாக எல்லாவற்றுக்கும் உங்களைக் கேட்கிறேன், ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இதற்கும் வராது. மறுமையில் நாய்களுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் ஒரே இடம் கிடைக்குமா என்பதும் தெரியாது.

கொண்டு போகிறேன் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன்.

ராத்தா, நீங்கள் போன அன்று நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. வார்டு வாசல்வரை வந்தேன். தாதி என் பெயரைக் கேட்டுவிட்டு, "உள்ள போங்க, உங்களத்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறா," என்று சொன்னாள். உங்கள் கால் மட்டும் தெரிந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. தொழுகைக்கு நேரமாகிறது, தொழுதுவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போனேன். அஸருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது. பஸ் தரிப்பிடத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

நாளைக்கு நான் வெளியே நிற்க மாட்டேன். கச்சானை வாசலில் கொடுத்துவிட்டு வாங்குப் பலகையில் உட்கார மாட்டேன். எந்தத் துணியில் படுக்க வைத்தேன் என்பதை அந்த டொக்டர் பெண்ணிடம் சரியாகச் சொல்லுவேன். பிறகு மேசையடியில் நிற்பேன், முகத்துக்கு நேரே, கண் மூடாமல். கச்சானின் மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நிற்பேன். உங்களுக்குச் செய்யவேண்டியிருந்தது இது. பிந்திவிட்டது, ஆளும் மாறிவிட்டது. இதனால் ஒன்றும் சரியாகிவிடாது என்று தெரிந்துகொண்டுதான் செய்கிறேன்.

வாசல்வரை மட்டும் வந்த உங்கள் தங்கச்சி,
நஸீமா